விரல் வைக்கும் இடம்

ரசமட்டத்தின் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால், அவன் தரைக்கல் பதிக்கிற ஆஸ்பத்திரிக் கட்டடம் எதிரிலேயே தெரியும். நடந்தால் பத்து நிமிஷம். வழியில் நின்று ஒரு டீ குடித்தால் பதினைந்து. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவன் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தான். நாலேமுக்கால் பஸ்ஸைப் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போனான். அங்கே கம்பெனி ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த மெஷினில் பெருவிரலை வைத்தான். பிறகு கம்பெனி வேனில் ஏறி, போன வழியே திரும்பி வந்தான். வேன் அவன் தெரு முனையைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் மறுபடியும் அதே வேன், அதே தெரு முனை, அதே மெஷின், அதே விரல். அப்புறம் பஸ். வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். சொல்கிற எனக்கே தலை சுற்றுகிறது, மாதக்கணக்காகச் செய்தவனைக் கேட்கவா வேண்டும்.

ரசமட்டம் என்பது அவன் பெயர் அல்ல. கல்லை வைத்து, ரசமட்டத்தை அதன்மேல் போட்டு, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பார்கள் எல்லா மேஸ்திரிகளும். இவன் மூன்று தடவை பார்ப்பான். பார்த்துவிட்டு, உள்ளங்கையால் தடவியும் பார்ப்பான். டீக்கடை மேஜை ஆடினால் கூட அவனால் சும்மா இருக்க முடியாது, காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவான். அதனால் வந்த பெயர்.

அவன் ஒப்பந்த ஆள். கம்பெனியில் ஒரு விதி இருந்தது. ஒரு வருஷம் முழுக்க, வேலை நாள் ஒன்றுகூட விடாமல், காலையும் மாலையும் மெஷினில் விரல் பதிந்திருந்தால் நிரந்தர ஆளாக எடுத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு நாள் விட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். உடம்பு சரியில்லை என்றாலும் சரி, கல்யாணம், காரியம் என்றாலும் சரி, அதே விதி. ரசமட்டத்துக்கு ஏழு மாதம் தாண்டியிருந்தது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. சிமெண்டும் கல்லும் அறுத்து அறுத்து அவன் பெருவிரலில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. வைத்தால் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டி, "மீண்டும் முயலவும்" என்று ஒரு பெண் குரலில் சொல்லும். எண்ணெய் தடவுவான், சட்டையில் துடைப்பான், ஊதுவான், மறுபடி வைப்பான். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

"யோவ் ரசமட்டம், அவ உன்கிட்ட ரொம்ப நேரம் பேசணும்னு ஆசைப்படறாய்யா" என்பான் ரேடியோ. ரேடியோவும் கல் பதிக்கிறவன்தான். தூக்கத்தில்கூட வாயை மூட மாட்டான் என்பது அவன் மனைவியே கொடுத்த சாட்சி.

காலை எட்டு இருபதுக்கு வேன் அவன் தெரு முனைக்கு வரும். அந்த நேரத்துக்குத்தான் அவன் மகளும் பள்ளிக்கூடத்துக்குப் போக, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பாள். ஆறு வயசு. அப்பா எந்த ஜன்னலில் இருக்கிறார் என்று தெரியாததால் எல்லா ஜன்னலுக்கும் சேர்த்துக் கையாட்டுவாள். வேனில் இருக்கிற பதினாலு பேரும் கையாட்டுவார்கள். ரசமட்டமும் ஆட்டுவான்.

"டிரைவர் சார், சாயங்காலம் மட்டும் இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். இறங்கிக்கறேன். மெஷினுக்கு ஏதாவது வழி பண்ணிக்கலாம்" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

"உனக்கு இங்க நிறுத்தினா, அவனுக்கு அவன் மாமியார் வீட்டு வாசல்ல நிறுத்தணும். அப்புறம் நான் வேன் ஓட்டலை, ஊர்வலம் விடறேன்" என்றார் டிரைவர். "அதுவும் விரல் வைக்காம எப்படிப் போவ? விரலைக் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டுப் போறியா?"

வேனே சிரித்தது. ரசமட்டமும் சிரித்தான், வேறென்ன செய்வது.

இப்படி இழுத்துக்கொண்டு போயிருக்கும், அவன் மனைவிக்கு அந்த வேலை வராமல் இருந்திருந்தால்.

அவள் தையல் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் தைத்தாள். சட்டை இல்லை, கை இல்லை, பொத்தான் இல்லை, காலர் மட்டும். ஒரு புதன்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இரண்டாவது ஷிஃப்டுக்கு லைன் சூப்பர்வைசர் வேண்டும், நாற்பது மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை, முடியுமா என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல ஒரு மாதம் தவணை.

அன்றைக்கு ரசமட்டம் வந்து சோற்றில் கையை வைத்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல விஷயம்தானே! சரின்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றான்.

"சொல்லிடலாம். பாப்பாவை யார் பாத்துக்கறது?"

"மேல் வீட்டு அக்கா."

"அக்கா பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து ஆறரை வரைக்கும் வச்சுக்குவாங்க. ஏழு மணிக்கு அவங்க பேங்க்ல கூட்டித் துடைக்கப் போகணும். அதுக்கப்புறம்? நீங்க ஒன்பதரைக்கு வந்து பாத்துக்குவீங்களா?"

அவன் குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாப்பிடுங்க. பிசைஞ்சு பிசைஞ்சு அதைச் சிமெண்டாக்காதீங்க" என்றாள். "பதினோரு வருஷமா என்னை ஒருத்தர் கூப்பிட்டு ஒண்ணு கேக்கறது இதுதாங்க முதல் தடவை. முடியாதுன்னு சொல்றதுக்கு வாய் வரலை. பத்து நிமிஷத்துல இருக்கற ஆளு ஆறு பத்துக்கு வீட்டுல இருக்க முடியாதா? இது என்ன அநியாயம்?"

அநியாயம்தான். ஏழு மாதமாக அவன் அதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்டிருந்தான். அவள் வாயால் கேட்டதும் சுருக்கென்றது. மெஷின் என்ன, மலையா? நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வருகிற பெட்டி. அதை ஆஸ்பத்திரி கேட்டில் மாட்டினால் என்ன குடி முழுகிவிடும்?

மனு எழுதுவது என்று முடிவாயிற்று. அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தரையில் உட்கார்ந்து எழுதினாள். "கீழ்க்கண்ட பதினாலு பேருக்கும் வருகைப் பதிவை ஆஸ்பத்திரி வேலையிடத்திலேயே வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிப் படித்துக் காட்டினாள்.

"அதுல 'நிரந்தரமாக'ன்னு ஒரு வார்த்தை போடு" என்றான்.

"எதுக்கு?"

"இல்லேன்னா பத்து நாள் வச்சுட்டுத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க. கல்லு பதிச்சா இடுக்குல பூச்சுப் போட்டு அடைச்சுடணும். சந்து விட்டா அங்கதான் தண்ணி இறங்கும்."

"ஆஸ்பத்திரி வேலை என்ன நிரந்தரமா? முடிஞ்சா வேற இடத்துக்குப் போக மாட்டீங்க?"

"இன்னும் மூணு மாடி கிடக்கு. நீ போடு, சொல்றேன்."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, 'வேலையிடத்திலேயே' என்பதற்குப் பின்னால் ஒரு குறி போட்டு, மேலே 'நிரந்தரமாக' என்று சேர்த்தாள். மறுநாள் வேனில் பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்து வேன் ஆடியபடியெல்லாம் ஆடியது. ரேடியோ தன் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு இரண்டு புள்ளியும் வைத்தான்.

மனு போனது, வந்தது, மேஜை மாறியது. யார் செய்த புண்ணியமோ, ஆட்கள் எட்டரைக்கு மேல்தான் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரி இன்ஜினியரும் அதே வாரத்தில் கம்பெனியிடம் கத்தியிருக்கிறார். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் புது மெஷின் ஏறிவிட்டது. பதினாலு பேரின் விரலும் அதில் ஏறியது. மெஷினைக் கோணலாக மாட்டியிருப்பதைப் பார்த்த ரசமட்டம், மாட்டிய ஆள் போனதும் ஸ்க்ரூவைத் தளர்த்தி நேராக்கினான்.

அதற்குப் பிறகு பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளை அவன் வாழ்நாளில் மறக்க மாட்டான். காலை ஆறு மணிக்கு எழுந்தான், பல் தேய்க்கும்போது வெளிச்சமாக இருந்தது. மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். ஒரு பக்கச் சடை மேலே, ஒரு பக்கம் கீழே என்று வந்ததைச் சகிக்காமல் மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினான். "அப்பா, பள்ளிக்கூடமே முடிஞ்சுடும்" என்று அவள் அழுதாள். சாயங்காலம் ஆறு பத்துக்கு வாசலில் நின்றான். முதல் இரண்டு நாள் அவள், "ஏன்பா சீக்கிரம் வந்துட்ட, உன்னைத் திட்டினாங்களா?" என்று கேட்டாள்.

மனைவி மேனேஜரிடம் போய்ச் சரி என்று சொன்னாள். நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள், முழங்கால் வரை. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "காலர் கோணலா தைச்சிருக்கான், யார் தைச்சதோ" என்றாள். ஆனால் முகம் பூராவும் சிரிப்பு. முதல் ஒரு மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் வேலை உறுதி. ஒரு திங்கட்கிழமை அவள் கோட்டோடு போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் சைட் சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"மேல் மூணு மாடிக்கு லிஃப்ட் வேலை பாக்கி இருக்கு. அது முடியற வரைக்கும் இங்க கல்லு வேலை கிடையாது. நாளையிலேர்ந்து நம்ம டீம் புது கோடவுனுக்குப் போகுது."

"எங்க சார்?" என்றான் ரேடியோ.

"நம்ம ஆபீஸுக்குப் பின்பக்கம். ஆபீஸ் சுவரும் கோடவுன் சுவரும் ஒண்ணுதான்."

ரசமட்டம் ஓரடி முன்னால் வந்தான். "அப்ப விரலு, சார்?"

"விரல் இங்கதான். காலைல ஆறரைக்கு இங்க வச்சுட்டு வேன்ல ஏறிக்கங்க. ஆறு மணிக்கு அங்க வேலை முடிஞ்சதும் வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். இங்க வச்சுட்டுப் போங்க."

ரேடியோகூட வாயை மூடிக்கொண்டான். மற்ற பதிமூன்று தலையும் மெதுவாக ரசமட்டத்தின் பக்கம் திரும்பின.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழு தடவை முயன்று கேட்டில் விரலைப் பதித்து, வேனில் ஏறி, ஊரின் அந்தக் கோடியில் இறங்கி, பத்து மணி டீ நேரத்தில் ஆபீஸுக்குள் போனான். டைம் ஆபீஸ்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே பழைய மெஷின் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"சார், அந்தக் கோடவுன்லதான் வேலை. இந்த மெஷினுக்கும் எனக்கும் இருபது அடி. இதுல வச்சுக்கறோம் சார்."

"முடியாதுப்பா. உங்க பதினாலு பேரையும் இதுலேர்ந்து எடுத்தாச்சு."

"திரும்பச் சேத்துடுங்க சார்."

"இடம் மாத்தறது வருஷத்துக்கு ஒரு தடவைதான். தலைமை ஆபீஸ்ல பண்ணணும். இப்பதானே மாத்தினோம்?" என்று ஃபைலைத் திறந்தார். "இந்தா பாரு, நீங்க குடுத்த மனு. 'வேலையிடத்திலேயே நிரந்தரமாக வைத்துத் தருமாறு.' நிரந்தரமாகன்னு நீங்களே கேட்டிருக்கீங்க. அதைப் பாத்துத்தான் மேல கையெழுத்தே போட்டாங்க. வெறுமனே கேட்டிருந்தா தற்காலிகம்னு போட்டு, இங்கயும் வச்சுக்கற மாதிரி விட்டிருப்பாங்க."

ரசமட்டம் அந்தத் தாளைப் பார்த்தான். வரிக்கு மேலே சொருகியிருந்த அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்தான்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கே, யாரோடது?" என்றார் டைம் ஆபீஸ்காரர்.

"என் வீட்டுக்காரியோடது சார்."

"கொடுத்து வச்சவன்யா நீ."

அவனுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பச்சை விளக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்பதுதான் விளங்கவில்லை. அந்த மனிதர் மேலா? அவர் தாளில் இருந்ததைப் படித்தார். மெஷின் மேலா? அது என்ன செய்யும் பாவம். சந்து விடாமல் அடைக்கிறேன் என்று தன்னையே உள்ளே வைத்துப் பூசிக்கொண்ட மடையன் தானே, வேறு யார். அன்று மத்தியானம் ஒரு வரிசைக் கல்லைக் கோணலாக வைத்துவிட்டு, தானே பெயர்த்தெடுத்தான்.

மேல் வீட்டு அக்காவிடம் முதல் நாளே பேசியிருந்தார்கள். "ஏழு வரைக்கும் இருக்கேன். ஏழுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. பேங்க் மேனேஜர் பூட்டிட்டுப் போயிட்டா என் பொழைப்புப் போச்சு" என்று அக்கா சொல்லியிருந்தாள். எப்படியும் ஏழுக்குள் வந்துவிடுவேன் என்று ரசமட்டம் சொல்லிவிட்டான். டிரைவர் குறுக்கு வழி ஒன்று தெரியும் என்றிருந்தார், அந்தத் தைரியத்தில். குறுக்கு வழியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேன் பின்னோக்கியே அரைக் கிலோமீட்டர் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டான், அடித்துக்கொண்டே இருந்தது.

கேட்டில் விரல் வைக்கும்போது எட்டு மணி. "மீண்டும் முயலவும்" என்றாள் அவள். "முயல்றேன், முயல்றேன், வாயை மூடு" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினான். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. பதினோராவது தடவை பச்சை விழுந்தது. ஓடினான்.

வீடு பூட்டியிருந்தது. மேல் வீடும் பூட்டியிருந்தது. படியில் மகளின் செருப்பு இல்லை, புத்தகப் பை இல்லை. மொட்டைமாடி வரைக்கும் ஏறிப் பார்த்தான். கீழ்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "அந்தம்மா குழந்தையைக் கூட்டிக்கிட்டு பேங்க் பக்கம் போச்சுப்பா" என்ற பிறகுதான் மூச்சு வந்தது.

பேங்கின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில், பையைத் தலைக்கு வைத்து, மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வாளியும் துடைப்பானுமாக வந்தாள்.

"வந்துட்டியா ராசா? என்ன அவசரம், நாளைக்கு வரக்கூடாதா? இவளைக் கூட்டிட்டு உள்ள வந்ததுக்கு அந்த மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! இதோட விட்டுடுப்பா. எனக்கு நீங்க வேணும், புள்ளையும் வேணும். ஆனா வேலையும் வேணும்."

"தப்புத்தான்க்கா."

"நீ போனை எடுக்கலையேன்னு உன் பொண்டாட்டி கம்பெனிக்குப் போட்டேன்."

"எப்ப?"

"ஏழு பத்துக்கு."

ஏழு பத்துக்கு அவன் போன் வேனின் கூச்சலில் பைக்குள் இருந்தது. அவன் அதை எடுத்து அக்காவைக் கூப்பிட்டபோது அக்கா வாளியும் கையுமாக இருந்திருக்கிறாள். அவன் அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு அடியில் நீலக் கோட்டு தெரிந்தது. அவன் மனைவி குனிந்து வந்தாள். மூச்சிரைத்தது. மகளைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டுவதில் கெட்டிக்காரி. ஒரு மூட்டை வெங்காயம் அழுகிப் போனதற்கு ஒரு வாரம் திட்டியவள். இப்போது ஒன்றுமே சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டாள். அவன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூவரும் நடந்தார்கள்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?" என்று அவன்தான் கேட்டான்.

"லைன் ஓடிட்டு இருக்கும்போது சூப்பர்வைசர் எழுந்து போனா நாப்பது மெஷினும் என்ன பண்ணும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? குழந்தை எங்கன்னு தெரியலைன்னேன். போ, ஆனா இது முதல் வாரம்னு ஞாபகம் வச்சுக்கன்னாரு."

தெரு முனை வந்தது. அவன் அந்த ஃபைலை, அந்த வார்த்தையை, டைம் ஆபீஸ்காரர் சொன்னதையெல்லாம் சொன்னான். எழுதும்போதே நான் சொன்னேனே என்று அவள் கேட்பாள், கேட்கட்டும், இரண்டு அடி வேண்டுமானாலும் அடிக்கட்டும் என்றுதான் சொன்னான்.

அவள் கேட்கவில்லை. வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, கோட்டைக் கழற்றி மடித்தாள். காலரை உள்பக்கம் வைத்து, கையை மடக்கி, கடையில் மடித்துக் கொடுப்பது போல் மடித்து ஒரு பையில் வைத்தாள்.

"நாளைக்குப் போய், பழைய மெஷின்லயே உக்காந்துக்கறேன்னு சொல்லிடறேன்" என்றாள். "காலர் தைக்கறது ஒண்ணும் கேவலமில்லையே. பதினோரு வருஷம் தைச்சேன். கூட நாலு மாசம். நீங்க நிரந்தரமான அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப திரும்பக் கூப்பிடுவாங்களா?"

"கூப்பிட மாட்டாங்க" என்றாள். "தட்டு எடுத்து வைங்க, சாப்பிடலாம்."

இவ்வளவுதான் பேச்சு. அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான், விஷயம் அங்கேயே ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரி கேட்டில் வரிசை நின்றது. ரசமட்டம் நாலாவது ஆள். முன்னால் நின்ற மூன்று பேர் விரல் வைத்து வேனில் ஏறினார்கள். அவன் முறை வந்தது. கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்கி, "நீ வை" என்று பின்னால் நின்ற ரேடியோவுக்கு வழி விட்டான்.

"என்னய்யா, அவகிட்ட கோவமா?"

"நீ வை."

ஒவ்வொருவராக வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில்தான் துப்புரவுக் காண்டிராக்ட் பெண்கள் ஏழெட்டுப் பேர், கையில் பிரஷும் ஆசிட் கேனுமாக வந்தார்கள். பதித்து முடித்த தரையில் ஒட்டிக் கிடக்கும் சிமெண்டுக் கறையைத் தேய்த்து எடுப்பது அவர்கள் வேலை. அவர்களுக்கு விரலும் கிடையாது, மெஷினும் கிடையாது. தலைவியம்மா கேட்டில் நின்று ஆளை விரலால் எண்ணி உள்ளே அனுப்புவாள், அதுதான் வருகைப் பதிவு.

"தலைவியம்மா, எத்தனை மணிக்கு விடுவீங்க?" என்று கேட்டான்.

"அஞ்சரைக்கு. ஏன் மேஸ்திரி, எவளாவது உங்க கல்லைக் கீறிட்டாளா?"

"அதில்ல. ஆள் பத்தலைன்னு போன வாரம் சொல்லிட்டு இருந்தீங்களே."

"பத்தலைதான். யாராவது பொம்பளை இருந்தா அனுப்புங்க."

"நான் வரட்டுமா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மேஸ்திரி கைல கரண்டி பிடிச்சுட்டு, எங்க கூட உக்காந்து தரை தேய்ப்பீங்களா? காலைலேயே கிண்டலா?"

வேன் ஹாரன் அடித்தது. சைட் சூப்பர்வைசர் இறங்கி வந்தார். "என்னப்பா, எல்லாரும் ஏறியாச்சு. விரல் விழலையா?"

"வைக்கலை சார்."

"வைக்கலைன்னா?"

"நான் வரலை சார். கோடவுனுக்கு வேற ஆள் பாத்துக்கங்க."

"உனக்கு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? எட்டு மாசம் தாண்டி இருபது நாள். நேத்துத்தான் லிஸ்ட்ல பாத்தேன். இப்ப போனா ஜீரோ. திரும்பி வந்தாலும் முதல் நாள்லேர்ந்து. யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இந்த நிலைமைக்கு வந்தேன்" என்றான் ரசமட்டம். "ஒரு தடவையாவது யோசிக்காம ஒண்ணு பண்றேன், விடுங்க."

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு போனார். வேன் கிளம்பியது. ஜன்னலிலிருந்து பெரிய மேஸ்திரி, "முட்டாப்பயலே, வந்து ஏறுடா!" என்று கத்தினார். அது நல்ல மனசோடு சொன்னதுதான், ரசமட்டத்துக்கும் அது தெரியும். வேன் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவன் கால் அதன் பின்னால் ஓடப் பார்த்தது. எட்டு மாதம். எத்தனை நாலு மணி, எத்தனை பஸ், நின்றுகொண்டே தூங்கிய எத்தனை தூக்கம். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, கேட்டில் அத்தனை பெண்கள் நின்றதால் மூக்கை மட்டும் சிந்திக்கொண்டான்.

தலைவியம்மா ஒரு பிரஷை நீட்டினாள். "கையுறை போட்டுக்கங்க மேஸ்திரி. ஆசிட் பட்டா எரியும்."

இரண்டாவது மாடி வராந்தா. அவனே பதித்த கல். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினான். அவன் கண்ணுக்கு அத்தனை வருஷமும் மட்டம்தான் தெரிந்தது. இந்தப் பெண்களுக்குக் கறைதான் தெரிந்தது.

"இந்தப் பக்கம் யாரோ பூச்சை வாரி இறைச்சிருக்காங்க, பாவிப்பய" என்றாள் ஒருத்தி.

"நான்தான்" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் நின்றான். மனைவி வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். கோட்டு இருந்த பை கட்டில் மேல் இருந்தது. அவனை அந்த நேரத்தில் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"என்னங்க? கைல கால்ல ஏதாவது விழுந்துச்சா? ஏன் பேன்ட்டெல்லாம் நனைஞ்சிருக்கு? என்ன நாத்தம் இது?"

"ஆசிட்."

"ஐயோ! எங்க பட்டுச்சு?"

"எங்கயும் படலை. நான் வேலை மாத்திட்டேன். ஆஸ்பத்திரில தரை கழுவற காண்டிராக்ட்ல சேந்துட்டேன். அஞ்சரைக்கு விட்டுடுவாங்க. அஞ்சே முக்காலுக்கு வீட்டுல இருப்பேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "விரல் வைக்கலையா?"

"வைக்கலை."

"எட்டு மாசம்?"

"போச்சு."

"போச்சா? போச்சுன்னு சாதாரணமா சொல்றீங்க? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நான்தான் பழைய இடத்துக்குப் போறேன்னு சொன்னேனே? யாரைக் கேட்டுப் பண்ணீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மேஸ்திரியா இருந்த மனுஷன் குத்துக்கால் போட்டு உக்காந்து தரை தேய்ப்பீங்களா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் வேன்ல போயிட்டாங்க" என்றான். "இங்க பாரு. எனக்குக் கல்லு பதிக்கத் தெரியும், அதை யாரும் எங்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போக முடியாது. நாளைக்கு வேற கம்பெனி வரும். நீ திரும்பக் கூப்பிட மாட்டாங்கன்னு சொன்ன பாரு, அதை என்னால தாங்க முடியலை. அவ்வளவுதான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்தாள், அது மறுபடி நிறைந்தது, அந்தக் கோபமும் அவன் மேலேயே திரும்பியது.

"வேலைக்குப் போற நேரத்துல வந்து அழ வைக்கறதைப் பாரு" என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒண்ணு இருபது. கம்பெனி பஸ் வந்துடும். இப்பத் திட்டறதுக்கு எனக்கு நேரமில்லை. ராத்திரி பத்தரைக்கு வந்து திட்டறேன். தூங்கிடாம முழிச்சிட்டு இருங்க, சொல்லிட்டேன்."

"சரி."

"சோறு பானைல இருக்கு. முட்டை இருக்கு. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தொடுங்க."

"சரி."

"சரியாம் சரி!"

பையிலிருந்து கோட்டை உதறி எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டியவள், தெரு முனை வரைக்கும் தனக்குள்ளே அவனைத் திட்டிக்கொண்டேதான் போனாள், ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு.